எங்கள் அப்பா கை நனைத்த வீடுகள்

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்குக் காரணம் எங்கள் அப்பாவின் பசி. ஜாதகம் பொருந்தியிருந்தது. நகைப் பேச்சில் தகராறு இல்லை. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்ததா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், அதற்குப் பிறகு வருகிறேன். எல்லாம் கூடி வந்த நேரத்தில், அப்பா பெங்களூரில் எந்தெந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதை மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துத் தொலைத்தார்கள்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தப்பெல்லாம் அவர்கள்மேல் என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர் பெங்களூருக்குத் தென்கிழக்கே, நகர எல்லையான நீலசந்திராவுக்கு மாட்டுவண்டியில் மூன்று மணி நேரம். பாதி வீடு தமிழ், பாதி வீடு கன்னடம். கோபம் வந்தால் எல்லாரும் இரண்டையும் கலந்து திட்டுவோம். எங்கள் வீட்டில் மட்டும் பதினாலு பேர். இரண்டு சித்தப்பாக்கள், அவர்கள் குடும்பம், புருஷனை இழந்து வந்த அத்தை எல்லாரும் ஒரே அடுப்பு. அப்பாதான் மூத்தவர். விதைப்பது, விற்பது, பெண் கொடுப்பது, பெண் எடுப்பது எதுவும் அவர் தலையசைக்காமல் நடக்காது. ஊரில் வரப்புச் சண்டை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நிலம் வானம் பார்த்த பூமி. ராகியும் அவரைக்காயும்தான் விளையும், அதுவும் மழை மனசு வைத்தால். அதனால் விதைப்புக்கும் அறுப்புக்கும் ஊரில் இருப்பார். மற்ற மாதங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்.

என்ன வேலை என்று கேட்டால் எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கும். நான் சிறுமியாக இருந்தபோது கண்டோன்மென்டில் பட்டாளத்துக் குதிரை லாயத்தில் வேலை. வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போன வருஷம் ஊரே மிட்டாய் தின்றது. அப்பா ஒரு கையில் மிட்டாயும் ஒரு கையில் குதிரை தேய்க்கிற பிரஷ்ஷுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். லாயமும் இல்லை, வேலையும் இல்லை. அந்தப் பிரஷ்ஷால் ஒரு மாதம் எங்கள் மாடுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். பிறகு சிவாஜிநகர் ஜட்கா ஸ்டாண்டில் குதிரைகளுக்குக் கால் வைத்தியம் பார்க்கப் போனார்.

அது சில வருஷம். பிறகு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேண்டு கோஷ்டியில் சேர்ந்தார். அவருக்கு சரிகமவும் தெரியாது, டோரேமியும் தெரியாது. உயரமும் தோளும் இருந்ததால் பெரிய டிரம்மை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். வீட்டில் பழகினால் பதினாலு பேரும் திட்டுவோம் என்று மாட்டுக் கொட்டகையில் போய்ப் பழகினார். மாடுகள் பாவம், எங்கே போகும், கேட்டுக்கொண்டு நின்றன. அதுவும் நாலு வருஷம். அப்புறம் நீலசந்திரா பக்கம் வீடுகள் எழும்ப ஆரம்பித்தன, அப்பா தூக்குக்குண்டும் நூலும் வாங்கிக்கொண்டு மேஸ்திரி ஆகிவிட்டார். யாரிடம் கற்றுக்கொண்டார் என்று கேட்டால், "சுவரு கோணலா நிக்குதா நேரா நிக்குதான்னு பாக்கறதுக்கு இன்னா படிப்பு வேணும்?" என்பார்.

இத்தனை வேலை மாறிய மனிதர் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. வேலையை விட்டாலும் அங்கே சாப்பிடுவதை விடமாட்டார். ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வீடு, பேண்டுக்காரர்களில் ஒரு வீடு, கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசையில் ஏழெட்டு வீடு. வாராவாரம் அந்தப் பக்கம் போகும்போது வாசலில் நின்று, "சோறு கீதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். எந்த வீடு, யார் வீடு, என்ன சாமி கும்பிடுகிற வீடு என்று பார்க்கமாட்டார். ஊரில் இதற்கு இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். "உங்க வூட்லயும் சாப்புடறேன், கூப்புடுங்க" என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார்.

இந்த நிலையில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. வீடு ரிச்சர்ட்ஸ் டவுன் தாண்டி. அப்பா இல்லாத பிள்ளை, அதனால் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். அந்தத் தாய்மாமன் தபாலாபீசில் விலாசம் பார்த்துக் கடிதம் பிரிக்கிறவர். மெலிந்த ஆள், கோட்டு போட்டிருப்பார், கோட்டுப் பையில் சின்ன நோட்டு ஒன்று. நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். எல்லாரும் என் தலைமுடியையும் காலையும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் கன்றுக்குட்டி வாசலில் மாப்பிள்ளையின் புதுச் செருப்பை வாயில் போட்டுக்கொண்டது. அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய் மெதுவாக இழுத்தார், கன்றும் இழுத்தது, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் விட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "ஒத்தைச் செருப்போட போனா பஸ்ஸுல ஏத்துவாங்களா?" என்றார். முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இதைக் காதல் என்று சொன்னால் என் பேத்திகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்கமாட்டார்கள். காப்பி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதனால் அவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். "விசாரிச்சிட்டு வந்து கை நனைக்கிறோம்" என்றார் தாய்மாமன். இதுவும் வழக்கம்தான். ஊரில் விசாரித்தால் அப்பாவுக்கு ஒரு குறையும் வராது என்று அம்மா தெம்பாக இருந்தாள். ஆனால் தாய்மாமன் ஊரில் விசாரிக்கவில்லை. அப்பாவே பெருமையாக, "சிவாஜிநகர்ல கேளுங்க, ரிச்சர்ட்ஸ் டவுன்ல கேளுங்க, நீலசந்திராவுல கேளுங்க" என்று மூன்று இடத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் தாய்மாமன் தனியாக வந்து இறங்கினார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. போன முறை காப்பியைக் குடித்தவர் மோரைக்கூடத் தொடவில்லை என்றதும் நான் அடுக்களைக் கதவோரம் போய் நின்றுகொண்டேன். கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் தடவிய என் ஜாதகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மறு கையில் நோட்டு.

"சிவாஜிநகர்ல விசாரிச்சேன். குதிரை வைத்தியம் பாக்கற உஸ்தாத்னு சொன்னாங்க. ரிச்சர்ட்ஸ் டவுன்ல விசாரிச்சேன், பேண்டு மாஸ்டராம். நீலசந்திராவுல விசாரிச்சேன், மேஸ்திரியாம். பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, ஆளு மட்டும் மூணு. சரி, மூணு ஆளு இல்ல, ஒரே ஆளுதான்னு வச்சுக்குவோம். அப்ப மூணு இடத்துலயும் 'அவரு எங்க வீட்டு ஆளு, வாரம் தவறாம வந்து சாப்பிடுவாரு'ன்னு சொல்றாங்களே, அது என்னங்க? நீலசந்திராவுல ஒரு சின்னப் பொண்ணு 'எங்க பெரியப்பா'ங்குது. நான் முப்பது வருஷமா கடுதாசி பிரிக்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு அட்ரஸ்தான் இருக்கணும்."

அவர் சொல்ல வந்தது எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் புரிந்தது அம்மாவுக்கு. "மூணு குடும்பமா? இந்த ஒரு குடும்பத்துக்கே மனுஷன் வூட்ல நிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபம் எப்போதும் தாமதமாகத்தான் வரும், வந்தால் நகராது.

"கேட்டீங்க, சொன்னாங்க. எழுதிக்கினீங்க. இனிமே நான் ஒருத்தரையும் சாட்சிக்குக் கூட்டிக்கினு வரமாட்டேன். ஜாதகத்த வச்சிட்டுக் கிளம்புங்க" என்றார்.

தாய்மாமன் ஜாதகத்தை நீட்டினார். அப்பா கை நீட்டினார். அந்த இடத்தில்தான் நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்தேன். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அப்பாவின் பிடிவாதத்தில் எனக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

"அப்பா, அத வாங்காத. எனக்கு அந்த வூட்டுக்குப் போவணும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பெண் பிள்ளை இப்படிப் பேசி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"அந்த வூட்டுக்கா? அங்க போனா நான் உன் வாசல்லதான் நிக்கணும், தெரியுமில்ல? பேரப்புள்ள பொறக்கற வரிக்கும் பொண்ணப் பெத்தவன் சம்பந்தி வூட்ல கை நனைக்கக் கூடாது. பெங்களூர்ல எனக்குச் சோறு இல்லாத ஒரே வூடு உன் வூடாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு அப்போது. செருப்பு இழுத்த மனிதர்தான் கண்ணில் நின்றார்.

அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு தாய்மாமனிடம் திரும்பி, "பஸ்ஸு திரும்பிப் போயிடுச்சு. இனி சாயங்காலம்தான். எங்க வண்டி ஜட்கா ஸ்டாண்டுக்குப் புல்லுக்கட்டு ஏத்திக்கினு போவுது. ஏறுங்க, உங்க வூட்லயே எறக்கி விட்டுடறேன்" என்றார். என்னைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார். அம்மா எதற்கு என்று தடுத்தாள். "அவ கல்யாணம்தானே, அவளும் வரட்டும்." சாட்சிக்கு யாரையும் கூட்டிவரமாட்டேன் என்று சொன்னவர், சாட்சி இருக்கிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போகிறார் என்று எனக்குப் பட்டது. வாயைத் திறக்காமல் புல்லுக்கட்டின்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

ஜாதகம் மறுபடி தாய்மாமனின் கோட்டுப் பைக்குள் போயிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், நானும் பார்த்துக்கொண்டேன்.

நீலசந்திராவை அடைந்தபோது உச்சி வெயில். கூலிக்காரர் வரிசை முனையில் வண்டி திரும்பியதும் ஒரு பெண் வாசலிலிருந்து சத்தமாக, "இன்னா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்? கருவாட்டுக் கொழம்பு வச்சிக்கினு ரெண்டு வாரமும் பாத்துக்கினே இருந்தேன்" என்றாள். தாய்மாமன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை. எனக்கு வண்டியிலிருந்து குதித்து ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த நேரம் அவள் பின்னாலிருந்து முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒரு ஆள் எட்டிப் பார்த்து, "வா மேஸ்திரி, சவரம் பண்ணிக்கினு இருக்கேன், நீ உக்காரு" என்றார். அவர்தான் அந்தப் பெண்ணின் புருஷன். அப்பாவின் கீழே கல் சுமந்தவர்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரிக்குத் தூக்குப் பாத்திரம் கிடையாது. வேலை செய்கிற ஆட்களின் வீடுகளில் முறைவைத்து நாளுக்கு ஒரு வீட்டில் சாப்பிட வேண்டும். அப்பா அங்கே வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியும் யாரும் முறையை நிறுத்தவில்லை, அப்பாவும் நிறுத்தவில்லை. ஏழெட்டுக் குழந்தைகள் ஓடிவந்து வண்டிச் சக்கரத்தில் ஏறின. எல்லாம் "பெரியப்பா, பெரியப்பா" என்றன. ஒரு பெரியப்பாவுக்கு இத்தனை பிள்ளைகள் இருந்தால் அது மூன்று குடும்பத்தில் அடங்காது என்று தாய்மாமனுக்கே தோன்றியிருக்கும். அப்பாவும் நானும் உள்ளே போய்ச் சாப்பிட்டோம். தாய்மாமன் வெயிலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டைத் திறந்தார், எழுதவில்லை.

சிவாஜிநகரில் பஸ்ஸும் ஜட்காவும் ஆட்டுக்கறிக் கடைக் கூட்டமும் நெரித்தன. ஜட்கா ஸ்டாண்டில் புல்லுக்கட்டை இறக்குவதற்குள் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "உஸ்தாத், நல்லவேளை வந்தீங்க. காலைலருந்து நொண்டுறான், யாரும் கிட்ட போவ முடியல." அது ஒரு வெள்ளைக் குதிரை, காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு யாரைக் கடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அதன் கழுத்தோடு கழுத்து வைத்து உருதுவில் என்னமோ சொன்னார். எங்கள் யாரிடமும் அவ்வளவு கொஞ்சிப் பேசியவர் இல்லை. பிறகு முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, குளம்புக்குள்ளிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல்லை எடுத்தார். எடுத்த கல்லைத் தாய்மாமன் கையில் கொடுத்தார். எதற்குக் கொடுத்தார் என்று தெரியாது. தாய்மாமன் அதை மரியாதையாக வாங்கிக் கோட்டுப் பையில் ஜாதகத்தோடு போட்டுக்கொண்டார்.

அங்கே சாயா வந்தது, ரொட்டி வந்தது. தாய்மாமன் சாயா மட்டும் குடித்தார். குடித்துக்கொண்டே பக்கத்திலிருந்த கிழவரிடம், "இவர் பேண்டும் வாசிப்பாரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "உஸ்தாத் பேண்டா? அதெல்லாம் இல்ல" என்றார் கிழவர். போச்சு என்று நினைத்தேன். அப்பா ஒரு இடத்துக் கதையை இன்னொரு இடத்தில் சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் இந்தப் பாடு எதற்கு?

ரிச்சர்ட்ஸ் டவுனை எட்டியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தாய்மாமன் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. இறங்கிப் போய்விட்டால் என் கதை முடிந்தது. ஆனால் தெரு அடைத்துக் கிடந்தது. மாதா கோயில் திருவிழா. பூ ஜோடித்த தேர் வாசலில் தயாராக நின்றது, பேண்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டில் வரிசை கட்டியிருந்தார்கள், தேர் மட்டும் கிளம்பவில்லை. பெரிய டிரம் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தது. அடிக்கிற ஆளுக்கு ஜுரம்.

கிளாரினெட் வாசிக்கிற ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்தார். "மாஸ்டர்!" என்று கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். அடுத்த நிமிஷம் அப்பாவை இறக்கி, வேட்டிமேல் சிவப்புக் கோட்டை மாட்டி, டிரம்மைத் தோளில் போட்டுவிட்டார்கள். கோட்டுக்குப் பொத்தான் சேரவில்லை. அப்பா மாட்டுக் கயிற்றை, வீட்டுக்குப் போக இறங்கி நின்ற தாய்மாமன் கையில் கொடுத்தார். "சொல்ப நேரம் புடிச்சிக்கினு இருங்க, வந்துடறேன்."

அப்பா முதல் அடி அடித்ததும் எங்கள் மாடுகள் காதைத் தூக்கின. கொட்டகையில் நாலு வருஷம் கேட்ட சத்தம். மிரளும் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். மாடுகள் மிரளவில்லை. அவை பாட்டுக்கு டிரம்மின் பின்னால் நடக்க ஆரம்பித்தன. தாய்மாமன் இழுத்துப் பார்த்தார், நிற்கச் சொல்லிப் பார்த்தார், இங்கிலீஷில்கூடச் சொல்லிப் பார்த்தார். தேர் முன்னால், பேண்டு அதன் பின்னால், அதன் பின்னால் எங்கள் வண்டி, வண்டிமேல் மிச்சப் புல்லோடு நான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஊர்வலத்தில் இருந்த பெண்கள் நாங்களும் வேண்டுதலுக்கு வண்டி கட்டி வந்திருக்கிறோம் என்று நினைத்து எங்களுக்கு வழி விட்டார்கள். ஒருவர் தாய்மாமன் கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கையில் மாட்டுக் கயிறு, ஒரு கையில் மெழுகுவர்த்தி. காற்றில் அணைந்துவிடாமல் அவர் கோட்டை விரித்து மறைத்துக்கொண்டு நடந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன்.

அப்பா அடித்தார் பாருங்கள், அன்றைக்கு மாதிரி அவர் அடித்ததில்லை. ஒவ்வொரு அடியும் வயிற்றுக்குள் விழுந்தது. வீட்டு வாசல்களில் நின்றவர்கள், "மாஸ்டர் வந்துட்டாரு" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். பக்கத்தில் நடந்த ஒரு பெரியவர் தாய்மாமனிடம் குனிந்து, "நீங்க டிரம் மாஸ்டருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

மெழுகு ஒரு சொட்டு தாய்மாமன் விரலில் விழுந்தது.

"சம்பந்திங்க" என்றார்.

நான் புல்லுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷத்தை முகத்தில் வைத்துக்கொண்டு தெருவில் போவது பெண் பிள்ளைக்கு அழகில்லை என்று அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள்.

தேர் நிலைக்கு வந்ததும் பேண்டுக்காரர்களுக்கு முதல் பந்தி. அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து இலையில் தாய்மாமன், யாரும் கூப்பிடாமலே, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். "யாரோ ஒருத்தர் வூட்டுச் சோத்துல கை நனைக்கிறீங்களே" என்றார் அப்பா. "எல்லாம் உங்க வீடுதானே" என்றார் அவர். அவர் பேச்சில் அன்றைக்கு வந்த ஒரே கிண்டல் அதுதான், அதுவும் நியாயமாக இருந்தது. ஜாதகம் கோட்டுப் பையிலேயே இருந்துவிட்டது.

கல்யாணத்தில் எங்கள் பந்தலைப் பார்க்க வேண்டுமே. ஜட்காக்காரர்கள் ஏழு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக் குதிரைக்குக் கழுத்தில் மாலை. நீலசந்திராவிலிருந்து வந்தவர்கள் பந்தல் கால் கோணலாக இருக்கிறது என்று பிடுங்கி மறுபடி நட்டார்கள். பேண்டு இலவசம். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பேர்தான் என்பதால், வந்தவர்களில் பாதிப் பேரைத் தாய்மாமன் தங்கள் பக்கம் உட்காரவைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார். மாப்பிள்ளை புதுச் செருப்பைக் கன்றுக்கு எட்டாமல் உத்தரத்தில் செருகிவைத்திருந்தார்.

நான் பெங்களூருக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு காலை வாசலில் சைக்கிள் மணி. போய்ப் பார்த்தால் அப்பா. சைக்கிளின் பின்னால் பெரிய பித்தளைக் கேன். "பாலு" என்றார்.

"இன்னாப்பா இது?"

"பசு ரெண்டும் கன்னு போட்டுடுச்சு. ஊர்ல யாரு குடிக்கிறது? இந்தப் பக்கம் பால் ஊத்தலாம்னு ஆரம்பிச்சிட்டேன். பாத்திரம் எடு."

புது வேலை. எனக்கு ஆச்சரியமே இல்லை, நாலு வருஷத்துக்கு ஒன்று என்பதுதான் அவர் கணக்கு. மாமியார்தான் கூசிப்போனார். சம்பந்தி வாசலில் நின்று பால் ஊற்றுவதா என்று உள்ளே ஓடி முகத்தை மறைத்துக்கொண்டார். "உள்ள வாங்க" என்று கூப்பிடவும் முடியாது, வந்தால் ஒரு வாய் சாப்பிடச் சொல்லவும் முடியாது. அப்பா வெளியே நின்றபடி, "நான் பால்காரன்மா. பால்காரனுக்கு வாசல்தான்" என்றார். ஒரு மாதத்தில் மாமியாருக்கு அது பழகிவிட்டது. இரண்டாவது மாதம், "இன்னிக்கு என்னங்க தண்ணியா இருக்கு?" என்று சம்பந்தியிடமே கேட்டார். "மழ பேஞ்சுதில்ல, மாடு நனைஞ்சிடுச்சு" என்று அப்பா ஒரு பால்காரனுக்குரிய பொய்யைச் சொன்னார்.

தினம் வருவார். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு சேர் பால் அளந்து ஊற்றுவார். சாப்பிட்டாயா என்பார். இரண்டு வார்த்தை கூடப் பேசினால், "நேரமாவுது, இன்னும் பத்து வூடு கீது" என்று சைக்கிளைத் திருப்பிவிடுவார். ஒரு பண்டிகைக்குப் பாயசம் வைக்க மாமியார் இன்னொரு சேர் கேட்டார். அவ்வளவு பெரிய கேனை வைத்துக்கொண்டு அப்பா இல்லை என்றார். "மத்தவங்களுக்கு வேணுமே" என்றார். கஞ்சத்தனம் எப்போது வந்தது இவருக்கு என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒன்றரை வருஷம். ஏழாம் மாதம் என்னைப் பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போனார்கள். அன்றோடு பாலும் நின்றது. "மாடு வத்திப்போச்சு" என்று மாமியாரிடம் சொல்லியிருந்தார். ஊருக்கு வந்து பார்த்தால் மாடு நன்றாகத்தான் கறந்தது. கேட்டதற்கு, "இது வேற மாடு" என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மாட்டை எண்ணுகிற பொறுமை ஏது? விட்டுவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் குழந்தையோடு என்னைப் புகுந்த வீட்டில் விட அப்பாவே வந்தார். கேன் இல்லை, சைக்கிள் இல்லை. வெளுத்த வேட்டி, பொத்தான் சேர்கிற சட்டை. மாமியார் வாசலுக்கு வந்து, "இப்பவாவது உள்ள வாங்க" என்றார். அப்பா காலைக் கழுவிக்கொண்டு, ஒன்றரை வருஷம் வெளியே நின்ற நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்ததையும் நான் கவனித்தேன்.

இலை போட்டது. மாமியார் பரிமாறினார், தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பா முதல் கவளத்தை எடுத்து வாயில் வைக்கும்வரை தாய்மாமன் தன் இலையில் கை வைக்கவில்லை. இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். ரசம் ஊற்றும்போதுதான் மாமியார் கேட்டார்.

"மாடு கறக்க ஆரம்பிச்சா மறுபடி பால் கொண்டுவாங்க. இங்க கிடைக்கிறது ஒண்ணும் சரியில்ல. ஆமா, நீங்க நிறுத்தினப்புறம் மத்த வீட்டுக்காரங்கல்லாம் என்ன பண்ணாங்க?"

"மத்த வூடா?" அப்பா ரசத்தைக் கையில் வழித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "மத்த வூடு ஏது?"

மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார். தாய்மாமன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய் அழுதேன். அவ்வளவு பெரிய கேனின் அடியில் கிடந்த ஒரு சேர் பாலுக்காகத் தினம் எத்தனை மைல் மிதித்தார் என்று எண்ணிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அப்பா மோருக்காகச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானே போய் ஊற்றினேன்.